சட்டைக்கு உள்ள சட்டம் கைக்கு இல்லையா?

ஸ்ரீரங்கம் வட்டத்தில் காவிரிக் கரையை ஒட்டிய காலனி ஒன்றுக்குச் சென்ற மாதம் போயிருந்தோம். சாதிச் சான்றிதழுக்கு அலைந்துகொண்டிருந்த பிளஸ் டூ மாணவி ஒருத்திக்காகப் போன இடம் அது. திண்ணையில் கயிற்றுக் கட்டிலில் அவளுடைய தாத்தா படுத்திருந்தார். கட்டில் காலில் சிறுநீர்ப் பை கட்டித் தொங்கியது. விசாரித்தோம். மூத்திரப்பையில் புற்றுநோய் என்றார்கள்.

"என்ன வேலை பாத்தீங்க ஐயா?" என்று கேட்டோம். அவர் கொஞ்ச நேரம் நம்மையே பார்த்தார். பிறகு சொன்னார்: "இத்தனை ஆஸ்பத்திரி போயிட்டு வந்தேன் தம்பி. பீடி குடிப்பியான்னு எல்லாரும் கேட்டாங்க. என்ன வேலை பாத்தேன்னு நீங்கதான் மொத மொத கேக்குறீங்க."

இளவயதில் பதினாறு வருடம் கரூர்ப் பக்கம் சாயப்பட்டறையில் வேலை பார்த்திருக்கிறார். தூளைக் கையால் அள்ளி வாளியில் கரைப்பது, கொதிக்கும் தொட்டியில் நூல் கழிகளைக் கோலால் புரட்டுவது, வேலை முடிந்ததும் தொட்டியைக் கழுவி விடுவது. கையுறை என்ற பேச்சே கிடையாது. "சோத்துல கை வெச்சா சோறு செவக்கும். வேட்டியில வேர்வை பட்ட எடமெல்லாம் கலர் எறங்கும்" என்றார். ஊருக்குத் திரும்பி விவசாயக் கூலியாகி முப்பது வருடம் ஆகிவிட்டது. ஒருநாள் வலியே இல்லாமல் சிறுநீர் சிவந்து போனது. உடம்புச் சூடு என்று நினைத்து வெந்தயமும் இளநீரும் குடித்தே ஒரு வருடத்தைக் கழித்திருக்கிறார்.

இவருடைய நோய் சாயத்தால்தான் வந்தது என்று நாம் அடித்துச் சொல்ல முடியாது. பீடியும் மூத்திரப்பைப் புற்றுநோய்க்குப் பெரிய காரணம்தான். ஆனால் சாயத்தால் வரவில்லை என்றும் இனி யாரும் சொல்ல முடியாது. அவர் எந்தத் தூளை அள்ளினார் என்பதற்குச் சீட்டு இல்லை, எத்தனை வருடம் அள்ளினார் என்பதற்குப் பதிவேடு இல்லை, ஆஸ்பத்திரி நோட்டில் தொழில் என்ற இடம் காலியாக இருக்கிறது. அந்தக் காலியிடத்தைப் பற்றித்தான் இந்த வாரம் பேசப் போகிறோம்.

பென்சிடின் என்றொரு பொருள்

வேதியியல் படிக்கும் மாணவர்களுக்கு அசோ சாயங்கள் என்ற பாடம் தெரிந்திருக்கும். இரண்டு நைட்ரஜன் அணுக்கள் கைகோத்து நிற்கும் பிணைப்பு அதன் அடையாளம். அந்தக் குடும்பத்தில் ஒரு பெரிய கிளைக்கு மூலப்பொருளாக இருந்தது பென்சிடின். இரண்டு பென்சீன் வளையங்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டி, இரு முனையிலும் ஓர் அமைன் தொகுதி தொங்கும் மூலக்கூறு. பார்ப்பதற்கு வெள்ளையாகவோ லேசான சாம்பலாகவோ இருக்கும் சாதாரணத் தூள்.

பருத்தித் துணிக்குச் சாயம் ஏற்றுவது அந்தக் காலத்தில் லேசான காரியம் இல்லை. நம் ஊரில் சாயவேரும் அவுரியும் இருந்தன. சாயவேரின் சிவப்பைத் துணியில் பிடிக்க வைக்கப் படிகாரமும் கடுக்காயும் வேண்டும், நாள் கணக்கில் உழைப்பும் வேண்டும். உறையூரில் 1960களில் சென்னைப் பல்கலைக்கழகத்தார் நடத்திய அகழாய்வில் செங்கல்லால் கட்டிய பழைய சாயத்தொட்டி ஒன்றே வெளிப்பட்டது. சோழர் தலைநகரின் பருத்தித் துணிக்கு உலகச் சந்தையில் பெயர் இருந்ததை நாம் பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். அந்தத் தொட்டிக்குள் நின்றவர் யார் என்று எந்த வரலாற்றுப் புத்தகமும் சொல்வதில்லை.

1884இல் ஜெர்மனியில் பால் பாட்டிகர் என்ற வேதியியலாளர் பென்சிடினிலிருந்து ஒரு சிவப்புச் சாயத்தைச் செய்தார். காங்கோ ரெட் என்று பெயர். படிகாரம் வேண்டாம், கடுக்காய் வேண்டாம், வெந்நீரில் கரைத்துத் துணியை முக்கினால் நேரே பிடித்துக்கொள்ளும். 'டைரக்ட்' சாயங்கள் என்று இன்றும் கடையில் கேட்டு வாங்குகிறோமே, அந்த வரிசை இப்படித்தான் தொடங்கியது. கறுப்பு, நீலம், பழுப்பு என்று அடுத்தடுத்து வந்தன. மலிவு, சுலபம். துணிக்கு மட்டுமின்றித் தோலுக்கும் காகிதத்துக்கும் போனது.

சுலபம் சாயம் ஏற்றியவனுக்குத்தான். அவன் உடம்புக்கு இல்லை. பென்சிடின் தோல் வழியாகவே உள்ளே இறங்கும். மூச்சோடு தூளாகவும் போகும். கல்லீரல் அதை உருமாற்றிச் சிறுநீரோடு வெளியே தள்ளப் பார்க்கும். அந்தச் சிறுநீர் தங்குமிடம் மூத்திரப்பை. அதன் உட்சுவரில் உள்ள செல்களின் மரபுப் பொருளிலேயே அது போய் ஒட்டிக்கொள்கிறது. நோய் உடனே வருவதில்லை. பதினைந்து வருடம், இருபது வருடம், அதற்கும் மேலே ஆகலாம். வேலையை விட்டு, ஊரை விட்டு, முதலாளி பெயர் கூட மறந்துபோன பிறகு வரும்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பென்சிடினை நேரே தொடாமல், அதிலிருந்து செய்து முடித்த சாயத்தை மட்டும் கையாண்டவருக்கும் ஆபத்து உண்டு. குடலில் உள்ள நுண்ணுயிர்கள் அந்த அசோ பிணைப்பை உடைத்து, சாயத்துக்குள் இருக்கும் பென்சிடினை மறுபடி வெளியே விட்டுவிடும். 1990களில் அகமதாபாத் சாயத் தொழிலாளர்களிடம் நடந்த ஆய்வில், பென்சிடின் தயாரித்தவர்களின் சிறுநீரில் மட்டுமல்ல, அதன் சாயங்களை மட்டும் கையாண்டவர்களின் சிறுநீரிலும் பென்சிடின் இருந்தது. சாயம் போட்ட கையோடு சோறு பிசைந்த நம் ஐயாவை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள்.

1895 முதல் தெரிந்த செய்தி

இதெல்லாம் புதிதாகக் கண்டுபிடித்த விஷயம் என்று யாரும் எண்ண வேண்டாம். 1895இல் ஃபிராங்க்ஃபர்ட் நகர அறுவை மருத்துவர் லுட்விக் ரேன், சாய ஆலை ஒன்றின் தொழிலாளர்களிடம் மூத்திரப்பைக் கட்டிகளைக் கண்டு மருத்துவர் மாநாட்டில் சொன்னார். நாற்பத்தைந்து பேர் வேலை பார்த்த இடத்தில் மூன்று பேருக்கு அந்த நோய். அவர் அனிலின்தான் காரணம் என்று நினைத்தார். பிறகு விரல் பென்சிடினையும் அதன் உறவுப் பொருள்களையும் நோக்கித் திரும்பியது. 1921இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு வெளியிட்ட அறிக்கை பென்சிடினைப் பெயர் சொல்லியே குற்றம் சாட்டியது. 1967இல் பிரிட்டன் அதன் தயாரிப்பையும் பயன்பாட்டையும் தடை செய்தது. 1974இல் அமெரிக்கா அதைப் புற்றுநோய்ப் பொருள் என்று வகுத்துக் கடும் விதி போட்டது. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் பென்சிடினையும், உடம்பில் பென்சிடினாக மாறும் சாயங்களையும் முதல் வகுப்பில் வைத்திருக்கிறது. மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்பதில் ஐயமே இல்லாத பொருள்களுக்கு உரிய வகுப்பு அது.

பணக்கார நாடுகள் ஒவ்வொன்றாகக் கதவை மூடியபோது அந்தத் தொழில் மறைந்துவிடவில்லை. கப்பலேறி நம்மைப் போன்ற நாடுகளுக்கு வந்தது. குஜராத்தின் அகமதாபாத், வாபி, அங்கலேஷ்வர் என்று சாயத் தொழில் பெருகியது. அங்கே செய்த சாயம் நம் கைத்தறிக்கும் விசைத்தறிக்கும் பனியனுக்கும் வந்து சேர்ந்தது. நம் ஐயா வாளியில் தூள் கரைத்த வருடங்கள் அவை.

சட்டைக்கு வந்த சட்டம்

இந்தியாவில் பென்சிடின் அடிப்படையிலான 42 சாயங்களுக்கு 1990களின் முற்பகுதியில் தடை வந்தது. 1997 மார்ச்சில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் மேலும் 70 அசோ சாயங்களைக் கையாளத் தடை விதித்தது. ஆக 112 சாயங்கள். வரவேற்க வேண்டிய தடைதான். ஆனால் எந்தக் கட்டத்தில் இதில் வேகம் பிறந்தது என்று பாருங்கள்.

1994இல் ஜெர்மனி ஒரு சட்டம் கொண்டுவந்தது. உடம்பில் படும் துணியில், புற்றுநோய் தரும் அமைன்களாக உடையக்கூடிய அசோ சாயங்கள் இருக்கக் கூடாது என்றது. அப்போதுதான் திருப்பூரும் கரூரும் விழித்தன. ஏற்றுமதி நின்றுவிடுமோ என்று பயம் பிடித்தது. ஜவுளிக் குழு பரிசோதனைக் கூடங்களைத் திறந்தது. எந்தச் சாயம் ஆகும், எந்தச் சாயம் ஆகாது என்று பட்டியல்கள் கைக்குக் கை மாறின. 2002இல் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதற்குமாக விதி வந்தது. ஒரு கிலோ துணியில் அந்த அமைன்கள் 30 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. இன்றைக்கு ஒரு சட்டை கப்பலேறும் முன் ஆய்வகச் சான்று வாங்குகிறது.

ஜெர்மனியில் அந்தச் சட்டையை உடுத்தப்போகும் குழந்தையின் தோலுக்குப் பாதுகாப்பு வேண்டியதுதான். அதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. நம் கேள்வி வேறு. முடித்த துணியில் கிலோவுக்கு 30 மில்லிகிராமை அளக்கிற நாட்டில், அந்தச் சாயத்தைக் கை நிறைய அள்ளிய மனிதனின் சிறுநீரை யாராவது ஒரு தடவை அளந்தார்களா? தடை வந்த நாளில், அதற்கு முன் பத்து வருடம், இருபது வருடம் அந்தச் சாயத்தில் நின்றவர்களைத் தேடிப் போய், "நீ வருடம் ஒருமுறை சோதனைக்கு வா" என்று எந்த அதிகாரியாவது சொன்னாரா? தூளுக்குத் தடை போட்டார்கள். தூளைத் தொட்டவனை மறந்தார்கள்.

2024 பிப்ரவரியில் பஞ்சுமிட்டாயில் ரோடமின் பி என்ற சாயம் இருப்பதாகத் தெரிந்ததும் தமிழக அரசு சில நாளிலேயே அதன் விற்பனையைத் தடை செய்தது. நல்ல காரியம். தின்பவர் உடம்பு என்றால் அரசு எவ்வளவு விரைவாக நடக்க முடியும் என்பதற்கு அது சாட்சி. உழைப்பவர் உடம்பு என்று வரும்போது அந்தக் கால்களுக்கு என்ன ஆகிறது?

ஏக்கர் கணக்கும் ஆள் கணக்கும்

சாயம் என்றாலே நம் பக்கத்தில் ஆற்றைத்தான் பேசுவோம். பேசத்தான் வேண்டும். திருப்பூரின் கழிவை நொய்யல் சுமந்தது, கரூரின் கழிவை அமராவதி சுமந்தது. இரண்டும் காவிரியில் கலக்கின்றன. அமராவதி திருமுக்கூடலூரில் சேருகிறது. அதே காவிரிதான் முக்கொம்பில் பிரிந்து ஸ்ரீரங்கத்தைத் தீவாக்குகிறது. ஆடிப்பெருக்கன்று அம்மா மண்டபத்தில் நாம் முழுகுவதும், கம்பரசம்பேட்டைக் கிணறுகளிலிருந்து திருச்சிக்குக் குடிநீராக வருவதும், குழாய் வழியே ராமநாதபுரம் வரை போவதும் அதே ஆற்றின் நீர்தான்.

பாசனத்துக்கென்று சென்னிமலை அருகே 1990களின் தொடக்கத்தில் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை சாயக் கழிவின் தொட்டியாகிப் போனதை நாடே பார்த்தது. நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் நீதிமன்றப் படியேறினார்கள். 2006இல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறக் கூடாது என்றது. 2009இல் உச்ச நீதிமன்றமும் ஆலைகளின் பக்கம் நிற்கவில்லை. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடும்படி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. இந்த வழக்குகள் உப்பையும் நிறத்தையும் பற்றியவை. காவிரியில் இன்று பென்சிடின் ஓடுகிறது என்று நாம் சொல்ல வரவில்லை. ஆதாரமில்லாமல் பயம் கிளப்புவது இந்தப் பகுதியின் வேலை அல்ல.

நாம் சுட்டிக்காட்டுவது ஒன்றே. அந்தப் போராட்டத்தில் இழப்பீட்டுக் கணக்கு ஏக்கர் கணக்காக இருந்தது. நிலம் கெட்டவருக்கு, பட்டா காட்டியவருக்கு ஏதோ கொஞ்சம் கிடைத்தது. அது அவர்கள் உரிமை. அதே நிலத்தில் நாற்று நட்டும் களை பறித்தும் பிழைத்த நிலமற்ற கூலிக்காரர் எந்தப் பட்டாவைக் காட்டுவார்? பட்டறை மூடிய அன்று வேலை போனவர் எந்தச் சர்வே எண்ணைக் காட்டுவார்? நம் ஜனங்களின் சொத்து உடம்பு ஒன்றுதான். அந்தச் சொத்துக்கு ஏற்பட்ட சேதத்தை அளக்க இந்த நாட்டில் வருவாய் ஆய்வாளர் கிடையாது.

தொட்டிக்குள் இறங்குவது யார்?

சாயப்பட்டறையில் எல்லாச் சாதி ஏழைகளும் இருக்கிறார்கள். இன்று வட மாநிலங்களிலிருந்து வந்த தோழர்கள் நிறைய. இதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. ஆனால் அலுவலகத்திலிருந்து எந்திரத்துக்கும், எந்திரத்திலிருந்து தூள் கலக்கும் அறைக்கும், அங்கிருந்து கழிவுத் தொட்டிக்கும் படிப்படியாக இறங்கிப் பாருங்கள். கீழே போகப் போக நம் ஆட்கள் அதிகமாகிறார்கள். தோல் பதனிடும் இடங்களிலும் இதே படிக்கட்டுத்தான். பச்சைத் தோலைத் தொடுபவரும் சேற்றை வாருபவரும் யார் என்று நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

2025 மே மாதம் திருப்பூர் மாவட்டம் கரைப்புதூரில் ஒரு சாயப்பட்டறையின் கழிவுத் தொட்டியைச் சுத்தம் செய்யப் போன மூன்று பேர் விஷவாயு தாக்கி மாண்டார்கள். மூவரும் பட்டியல் சமூகத்தவர். மனிதரைச் சாக்கடையிலும் மலத்தொட்டியிலும் பாதுகாப்பின்றி இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023 அக்டோபரில் அதை முப்பது லட்சமாக உயர்த்தியது. தொகை ஏறியது, இறங்குவது நிற்கவில்லை.

தொட்டிக்குள் ஒரே நாளில் சாகிறவர் செய்தியில் வருகிறார். தூள் அறையில் இருபது வருடம் கழித்துச் சாகிறவர் வருவதில்லை. இரண்டு சாவையும் ஒரே படிக்கட்டுத்தான் கூட்டி வருகிறது.

பொட்டலத்தின் மேல் பெயர் உண்டா?

தடை வந்துவிட்டதே, இனி என்ன பயம் என்று கேட்கலாம். பெரிய பட்டறைகளில் இன்று வேறு வகைச் சாயங்கள்தான் அதிகம். அவற்றிலும் சில மூச்சிரைப்பை உண்டாக்கக் கூடியவை என்பது தனிக் கதை. நமக்குக் கவலை சின்ன இடங்களைப் பற்றியது.

முசிறி, தொட்டியம் பக்கம் கோரைப்பாய்க்குப் பேர் போன ஊர்கள். காவிரிக் கரையில் கோரை அறுப்பதும், கிழித்துக் காயவைப்பதும், கொப்பரையில் சாயம் காய்ச்சி முக்கி எடுப்பதும் கூலிப் பெண்களின் வேலை. சிவப்பு, பச்சை, ஊதா என்று பாயின் கரை மின்னுவது அந்தக் கொப்பரையின் புண்ணியம். அதில் போடும் தூள் என்ன தூள் என்று அங்கே ஓர் அக்காவிடம் கேட்டோம். "செவப்பு" என்றார். பொட்டலத்தை வாங்கிப் பார்த்தோம். பிளாஸ்டிக் உறை, பேனாவால் எழுதிய ஓர் எண், அவ்வளவுதான். தயாரித்தவர் பெயர் இல்லை, சாயத்தின் பெயர் இல்லை, எச்சரிக்கை இல்லை. அது நல்ல சாயமாகவே இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். மிட்டாய்க்குக் கூட உறையில் விவரம் அச்சடிக்கச் சொல்கிற நாட்டில், வெறுங்கையால் கொதிக்கக் கொதிக்க எடுக்கும் சாயத்துக்குப் பெயர் வேண்டாமா?

ஒவ்வொரு சாயத்துக்கும் உலக அளவில் ஓர் அடையாள எண் உண்டு. காங்கோ ரெட்டுக்கு 22120. டைரக்ட் பிளாக் 38 என்ற கறுப்புக்கு 30235. பென்சிடின் என்ற மூலப்பொருளுக்கு வேதிப் பதிவெண் 92-87-5. மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம். ஒரு காலத்தில் இரத்தக் கறையைக் கண்டறியும் சோதனைக்குப் பென்சிடின் குப்பி ஆய்வகங்களில் சாதாரணமாக இருந்தது. பழைய கல்லூரி அலமாரியில் அப்படியொன்று இன்னும் உட்கார்ந்திருந்தால் அதைத் திறக்க வேண்டாம். கழுவி ஊற்றவும் வேண்டாம். ஆசிரியரிடம் சொல்லி முறைப்படி அப்புறப்படுத்தச் சொல்லுங்கள். அலமாரியைத் துடைக்கிற தற்காலிகப் பணியாளரும் ஒரு வீட்டின் அம்மாதான்.

சட்டம் தந்த இடம்

நமக்குச் சட்டமே இல்லை என்று சொல்ல முடியாது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், போபால் நச்சுவாயுப் பேரழிவுக்குப் பின் 1987இல் திருத்தப்பட்டது. என்ன பொருளைக் கையாள்கிறோம், அதனால் என்ன ஆபத்து என்று தொழிலாளிக்குச் சொல்ல வேண்டும், அவருடைய உடல்நலப் பதிவைப் பராமரிக்க வேண்டும் என்று அந்தத் திருத்தம் கட்டளையிட்டது. தொழில்வழிப் புற்றுநோய் அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய்ப் பட்டியலில் இருந்தது. 2020இல் நிறைவேறிய புதிய தொகுப்புச் சட்டத்திலும் அது இருக்கிறது. அதாவது, வேலையால் வந்த புற்றுநோய் என்று சந்தேகப்படும் மருத்துவர் அதை எழுதி அனுப்பக் கடமைப்பட்டவர். தொழிலே கேட்காத இடத்தில் சந்தேகம் எப்படி வரும்?

1995 ஜனவரியில் கல்நார்த் தொழிலாளர்கள் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு பெரிய தீர்ப்புச் சொன்னது. தொழிலாளியின் உடல்நலம் வாழும் உரிமையின் ஒரு பகுதி என்றது. வேலையில் சேர்ந்த நாளிலிருந்து நாற்பது வருடம், அல்லது வேலையை விட்ட பின் பதினைந்து வருடம், இதில் எது பிந்தியதோ அதுவரை அவர் உடல்நலப் பதிவைக் காப்பாற்று என்று உத்தரவிட்டது. கல்நாரைப் போலவே காலம் கழித்துக் கொல்லும் பொருள்தான் பென்சிடினும். அதே நியாயம் சாயத்துக்கும் பொருந்த வேண்டும்.

இஎஸ்ஐ அட்டை என்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோமே, அதன் விதையும் நமக்குத் தொலைவில்லை. 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையைக் கையில் வைத்திருந்தவர் பாபாசாகேப் அம்பேத்கர். தொழிலாளருக்கு உடல்நலக் காப்பீடு எப்படி அமைய வேண்டும் என்று அதார்க்கர் அறிக்கை தந்தது அந்தக் காலத்தில், 1944இல்தான். அந்த அடித்தளத்தின் மேல் 1948இல் இஎஸ்ஐ சட்டம் எழுந்தது. கோட்டு சூட்டோடு சிலையில் நிற்கும் அம்பேத்கருக்கு ஏப்ரல் 14 அன்று மாலை போடுகிற நாம், தொழிலாளியின் உடம்புக்குக் கணக்கு வைக்கச் சொன்ன அம்பேத்கரையும் தெரிந்துகொள்ள வேண்டும். சாயப்பட்டறைக்குப் போகும் பிள்ளைகள் முதல் மாதமே இஎஸ்ஐ எண்ணைக் கேட்டு வாங்க வேண்டும். ஒப்பந்தக்காரர் தராவிட்டால் சங்கத்திடம் போக வேண்டும்.

நாம் கேட்பது

மாவட்ட நிர்வாகத்திடம் நாம் கேட்பது பெரிய நிதி எதுவும் தேவைப்படாத சில காரியங்கள்.

முதலாவது, அரசு மருத்துவமனைகளில் மூத்திரப்பை நோயோடு வரும் ஒவ்வொருவரிடமும் "என்ன வேலை, எங்கே, எத்தனை வருடம்" என்று கேட்டு எழுத வேண்டும். பீடிக்கு ஒரு வரி இருப்பது போல் வேலைக்கும் ஒரு வரி. தனியார் மருத்துவமனைகளுக்கும் இதையே சொல்ல வேண்டும்.

இரண்டாவது, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாக வரும் பணியாளர்கள் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்க்கிறார்கள். சாயம், தோல் வேலைக்குப் போய் வந்தவர் வீட்டில் உண்டா என்றும் அவர்கள் கேட்கலாம். உண்டு என்றால் சிறுநீர்ச் சோதனைக்கு அனுப்பலாம். தொடக்கத்தில் கண்டுபிடித்தால் இந்த நோயைச் சமாளிக்க முடியும்.

மூன்றாவது, கோரைப்பாய்க்கும் சின்னப் பட்டறைக்கும் விற்கும் சாயப் பொட்டலத்தில் தமிழில் பெயரும் அடையாள எண்ணும் எச்சரிக்கையும் இல்லாவிட்டால் விற்கக் கூடாது. சந்தையில் மாதிரி எடுத்துச் சோதித்து முடிவை ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்ட வேண்டும். கோரைக் கொப்பரையில் நிற்கும் பெண்களுக்கு முழங்கை வரை கையுறை தர வேண்டும்.

நான்காவது, கழிவுத் தொட்டியில் மனிதர் இறங்கினால், சாவு நடக்கும் வரை காத்திராமல், இறக்கிய அன்றே வழக்குப் பதிய வேண்டும்.

நம் ஜனங்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். வலி இல்லாமல் சிறுநீரில் இரத்தம் போனால் அதைச் சூடு என்று ஒதுக்காதீர்கள். மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். போனதும் அவர்கள் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்: "நான் சாயத்துல வேலை பாத்தவன், இதை எழுதிக்குங்க." எல்லா மூத்திர இரத்தமும் புற்றுநோய் அல்ல. கல்லாக இருக்கலாம், தொற்றாக இருக்கலாம். அது என்ன என்று சொல்ல வேண்டியவர் மருத்துவர், இளநீர்க் கடைக்காரர் அல்ல.

மாணவர்களுக்கு ஒரு வேலை. உங்கள் தெருவில் அறுபது வயது தாண்டியவர்களிடம் உட்கார்ந்து, எந்த ஊரில், எந்த வேலையில், எத்தனை வருடம் இருந்தார்கள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். பத்துத் தெருவின் நோட்டுகள் சேர்ந்தால், இந்த மாவட்டத்தில் யாரிடமும் இல்லாத ஒரு பதிவேடு உருவாகிவிடும். பிறகு ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மனுவோடு நிற்கும்போது நம் கையில் கண்ணீர் மட்டும் இருக்காது, கணக்கும் இருக்கும்.

அந்த மாணவி தொடங்கிவிட்டாள். நாம் கிளம்பும்போது தாத்தா பக்கத்தில் உட்கார்ந்து, பட்டறை இருந்த தெரு, சேர்ந்த வருடம், கூட நின்றவர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தாள். பதினோரு பெயர் சொன்னார். அதில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேட்டாள். விரலை மடக்கிப் பார்த்துவிட்டு, "தெரிஞ்சு ரெண்டு பேரு" என்றார். மற்ற ஒன்பது பேர் எதனால் போனார்கள் என்று எழுத அவள் நோட்டில் இடம் விட்டிருக்கிறாள். அதை நிரப்ப வேண்டிய பொறுப்பு அவளுடையது மட்டுமல்ல.